அத்தானின் கரிபு வேட்டை

சாம்பல் நிற முதுகுப்பை ஒன்று, அதற்குள் பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டு. அந்த வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். வடக்கு லண்டனில், எட்மண்டனில் அக்காவின் வீடு நான்காம் மாடியில். ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில் நான் கீழே லிப்டுக்காகக் காத்து நின்றபோது படிக்கட்டுப் பக்கத்திலிருந்து கனத்த மூச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அக்காவின் கணவர், என் அத்தான், அந்தப் பையைச் சுமந்தபடி இறங்கி வந்துகொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, காலில் கணுக்காலுக்கு மேலே ஏறும் புதுச் சப்பாத்து. என்னைக் கண்டும் நிற்கவில்லை. "ஆறாவது தரம் பிள்ளை, இன்னும் நாலு கிடக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி மேலே ஏறத் தொடங்கினார். நான் லிப்டில் போய்ச் சேர்ந்தபோது அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். "கண்டியோ கூத்தை? சமைக்க அரிசியைத் தேடினா, அது மலையேறப் பழகப் போயிட்டுதாம்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அத்தானுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடமாக லண்டனில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பதினான்கு வயதில் நான் ஊரில் போருக்குத் தப்பி இங்கே வந்து இறங்கியபோது என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் அவர். கண் பரிசோதகர் ஆகவேண்டும் என்று நான் சொன்னபோது, ஏன் என்று கேட்காமல் மேலதிக ஷிப்டுகள் எடுத்துப் படிக்க வைத்தவரும் அவர்தான். தனக்கென்று எதையும் விரும்பி நாங்கள் கண்டதில்லை. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் காலுறை என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கனடாவின் வரைபடத்தை விரித்து, வடமேற்கு மூலையில் விரலை வைத்து, தான் அங்கே கரிபு மான் வேட்டைக்குப் போகப்போவதாகச் சொன்னார். அவரோடு ஒன்றாகப் படித்த கூட்டாளி ஒருவர் அந்தப் பக்கத்துச் சிறிய நகரம் ஒன்றில் ஹோட்டல் சமையலறை நடத்துகிறார். எங்கள் ஊர் மரை மானளவு பெரிய, கிளை கிளையாகக் கொம்பு விரிந்த மான்கள் ஆற்றைக் கடந்து போகிற வீடியோ ஒன்றை அவர் அனுப்பியிருந்தார். அத்தான் அதை எத்தனை தரம் பார்த்தார் என்று கணக்கில்லை.

அதன்பிறகு வீட்டில் ஒரு நீலக் கோப்பு தடித்துக்கொண்டே போனது. வெளிநாட்டவர் அங்கே தனியாக வேட்டையாட முடியாது, அனுமதி பெற்ற வழிகாட்டி கூட இருக்கவேண்டும். கோடை முடிகிற பத்து நாட்களுக்கு அத்தான் ஒருவரை ஒழுங்கு செய்திருந்தார். மானைச் சுடத் துவக்கு அங்கேயே தருவார்கள். சிறிய விமானம் ஒன்று ஏரியில் இறக்கிவிட்டுப் போகும், மிச்சமெல்லாம் நடை. சுட்ட மானின் இறைச்சியைக் காட்டில் விட்டு வரக்கூடாது, முழுவதையும் முதுகில் சுமந்து வரவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அரிசிப் பைகள் அதற்குத்தான். பனிக்கான சட்டை, நனையாத காற்சட்டை, கரடி வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அத்தானுடைய குண்டுக் குண்டு எழுத்தில் கோப்புக்குள்ளே ஒரு கொப்பியில் இருந்தன. "சூடு சரியில்லை எண்டு தோன்றினால் சுடுவதில்லை" என்று ஒரு பக்கத்தில் தனியாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

அக்காவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி, மாதத்தில் ஒருமுறை லூயிஷாம் சிவன் கோயில் என்று ஒழுங்காக வாழ்கிறவள் அவள். ஆனால் அவளுடைய கோபம் மானுக்காக இல்லை. "துவக்குக்குப் பயந்து பயந்து ஓடி வந்தனாங்கள். இப்ப இந்த வயசில நீங்களே துவக்குத் தூக்கப் போறியளோ?" என்று ஒரு நாள் என் முன்னாலேயே கேட்டாள். அத்தான் சோற்றைப் பிசைந்தபடி, "ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி சமைக்கிறம். ஆரோ எங்களுக்காக வெட்டுறான். ஒருக்கா நானே செய்து பார்க்கிறன்" என்றார். அக்கா எழுந்து போய்விட்டாள். அவர் சொன்னது உண்மையான காரணம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. உண்மையான காரணம் என்னவென்று அப்போது தெரியாது.

ஜூன் மாதம் கென்ட் பக்கத்தில் ஒரு சுடுபயிற்சி இடத்துக்கு அவரை என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். பயிற்சி தருகிறவர் வெள்ளைத் தாடி வைத்த, பொறுமையான மனிதர். துவக்கை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது அத்தானின் முகம் ஒரு கணம் வெளிறியதைப் பார்த்தேன். அதன்பின் அவர் நிதானமாகத்தான் இருந்தார், துவக்கை அசையாமல் பிடித்தார். ஆனால் மூன்று சனிக்கிழமைகள் போயும் குறிப்பலகையில் அவருடைய ஓட்டைகள் எல்லாம் கீழ்ப்பாதியிலேயே விழுந்தன. துவக்கின் குறிபார்க்கும் கண்ணாடிக்குள்ளே வட்டத்தின் மேல்பக்கம் மங்கலாகத் தெரிகிறது, தன் மூக்குக்கண்ணாடியின் பவர் மாறியிருக்கவேண்டும் என்று திரும்பி வரும்போது சொன்னார். "கடைக்கு வாங்கோ அத்தான், பாத்துத் தாறன்" என்றேன். அவ்வளவு இலேசாகச் சொன்னேன்.

நான் கண் பரிசோதகராக வேலை செய்கிற கண்ணாடிக் கடை கிழக்கு லண்டனில், அப்டன் பார்க் என்ற பகுதியில், புடவைக் கடைகளுக்கு நடுவே இருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் வேலை உடுப்போடு வந்தார். வாசிப்பு அட்டையில் கடைசி வரிக்கு முந்திய வரிவரை பிழையில்லாமல் வாசித்தார். கண்ணழுத்தம் பார்த்தேன், கூடுதலாக இருந்தது. திரும்பவும் பார்த்தேன், அதே எண். பார்வைப் பரப்பைச் சோதிக்கிற இயந்திரத்தின் முன்னால் அவரை இருத்தி, சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னேன். அறை விளக்கை அணைத்திருந்தேன். இருட்டில் இருத்தினால் மனிதர்கள் கதைக்கத் தொடங்குவார்கள் என்பது என் தொழிலில் நான் கண்டது. ஒரு கண் முடிந்து மற்றக் கண்ணுக்கு மாற்றுகிற இடைவெளியில் அத்தான் தானாகவே சொன்னார்.

அவர் மொஸ்கோ வழியாக லண்டனுக்கு வந்தபோது, ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் அவர்கள் ஏழு பேரை ஒரு காட்டுக் குடிலில் விட்டுவிட்டுத் திரும்பி வரவேயில்லையாம். வெளியே முழங்கால் அளவு பனி. மூன்றாம் நாள், சாப்பிட ஒன்றும் இல்லாமல் ஒருவர் மயங்கிக் கிடந்தபோது, அந்தக் காட்டில் வேட்டையாடுகிற ஒரு மனிதர் கதவைத் திறந்திருக்கிறார். துவக்கைக் கண்டதும் எல்லோரும் கையை உயர்த்தினார்களாம். அவர் துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போய், இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்து வந்து, அவர்களுடைய சட்டியிலேயே பனியை உருக்கி அவித்துக் கொடுத்தார். என்ன இறைச்சி என்று சைகையால் கேட்டதற்கு இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்துக் கொம்பு மாதிரிக் காட்டினார். "துவக்கோட வந்த ஒருத்தன் சாப்பாடு தந்திட்டுப் போனான், பிள்ளை. அந்த வேலையை ஒருக்காச் செய்து பாக்கவேணும் எண்டு அண்டைக்கே நினைச்சனான். உன்ர அக்காவுக்கு இதைச் சொன்னதில்லை. அந்தப் பாதையில வந்தது ஒண்டையும் அவளுக்குச் சொன்னதில்லை."

நான் அவருடைய முகத்தை இயந்திரத்தில் சரியாக வைத்து மிச்சச் சோதனையை முடித்தேன். மற்றக் கண்ணின் முடிவு திரையில் வந்துகொண்டிருந்தது. இரண்டு கண்ணிலும் மேல்பகுதியில் கரும் திட்டு, வலக்கண்ணில் அதிகம். கண் அழுத்த நோய், பல வருடமாக மெல்ல மெல்ல அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. போன பார்வை திரும்பி வராது, இருப்பதைத்தான் மருந்து விட்டுக் காப்பாற்றலாம். எனக்கு அந்த நேரத்தில் மலையும் மானும் நினைவுக்கு வரவில்லை. தெருக்களில் உயரத்தில் எரிகிற சிக்னல் விளக்குகள்தான் நினைவுக்கு வந்தன.

விளக்கைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு அன்றே கடிதம் எழுதுவதாகவும், அங்கே உறுதியாகும்வரை அவர் பஸ் ஓட்டக்கூடாது என்றும், லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்துக்கு அவரே அறிவிக்கவேண்டும் என்றும் சொன்னேன். அவர் நான் அச்செடுத்துக் கொடுத்த பார்வைப் பரப்புப் படத்தைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"செப்டெம்பர் வரைக்கும் பொறுக்கேலாதோ? மூண்டு மாசம். போயிட்டு வந்து நானே எழுதிக் குடுக்கிறன்."

"ஏலாது அத்தான்."

"ஒரு நாளும் ஒருத்தரையும் இடிச்சதில்லை நான்."

"ஓம், தெரியும். நீங்கள் எழுதாட்டி நான்தான் எழுதவேண்டி வரும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் பஸ் ஓட்டிய காசில் படித்து வந்தவள் நான். அந்தப் பார்வையில் அதெல்லாம் இருந்ததா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று இன்றைக்கும் தெரியவில்லை. மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "சரி" என்றார். வழக்கமாகப் புறப்படும்போது "போயிட்டு வாறன் பிள்ளை" என்பார். அன்று சொல்லவில்லை.

அன்று பின்னேரமே அவர் டிப்போவுக்குப் போய் மேலாளரிடம் சொல்லிவிட்டார் என்பது எனக்கு இரண்டு கிழமைக்குப் பிறகு அக்கா மூலமாகத்தான் தெரிந்தது. அந்த இரண்டு கிழமையும் லைசென்ஸ் அலுவலகத்துக்கு நானே எழுதுவதா வேண்டாமா என்று ஒரு கடிதத்தைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். என் அழைப்பை அவர் எடுக்கவில்லை. அக்கா எடுத்தாள். "வீட்டுக்குள்ள வச்சு ஒரு வழி பாத்திருக்கலாம், நீ சட்டம் கதைச்சிருக்கிறாய்" என்றாள். பிறகு அழுதாள். நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சரியானதைச் செய்துவிட்டால் மனம் அமைதியாகிவிடும் என்று மட்டும் யாரும் இனி என்னிடம் சொல்லவேண்டாம்.

ஆஸ்பத்திரியில் நோய் உறுதியானது. பஸ் லைசென்ஸ் போனது. டிப்போவில் ஷிப்ட் ஒழுங்கு பண்ணுகிற மேசை வேலை கொடுத்தார்கள். அத்தான் நீலக் கோப்பை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார். அதைக் கீழே எடுத்தது அக்கா. வேட்டையை அவ்வளவு எதிர்த்தவள் ஏன் மனம் மாறினாள் என்று பிறகு கேட்டேன். வேலை முடிந்து வந்து உடுப்பும் மாற்றாமல் ஜன்னலடியில் அப்படியே இருக்கிற மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்றாள். "கண் தெரியிற நேரத்தில போய்ப் பாத்திட்டு வாங்கோ. சுடுறதும் விடுறதும் உங்கட விருப்பம்" என்று சொல்லி, தானே வழிகாட்டிக்குக் கடிதம் எழுத வைத்தாளாம். கண்ணின் நிலையை அத்தான் மறைக்காமல் எழுதினார். வரலாம், துவக்கு விஷயத்தை அந்த இடத்தில் பார்த்து முடிவெடுக்கலாம் என்று பதில் வந்தது. அக்கா கண் மருந்தையும், நேரம் எழுதிய அட்டையையும், ஒரு சின்னப் போத்தலில் கறித்தூளையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பினாள். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை.

பத்து நாளில் தாடி வளர்ந்து, முகம் கறுத்துத் திரும்பி வந்தார். மான் கண்டீர்களா என்று கேட்டவர்களுக்குக் "கண்டன்" என்றார். சுட்டீர்களா என்றால் "இல்லை" என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கறித்தூள் போத்தல் திறக்கப்படாமல் திரும்பி வந்ததாக அக்கா சொன்னாள். அந்தப் பயணத்திலிருந்து வந்த கிழமை அவர் அக்காவை இருத்தி, மொஸ்கோவிலிருந்து லண்டன்வரை தான் வந்த பாதை முழுவதையும் சொல்லியிருக்கிறார். கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக. என்னோடு மட்டும் பழையபடி கதை வரவில்லை. வருவார், தேத்தண்ணி குடிப்பார், நலம் கேட்பார், போவார். அப்படியே மூன்று வருடம் போய்விட்டது.

போன மாதம் அக்காவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் அத்தானுக்குக் கண் பார்க்கிற நாள் வந்தது, நான் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். பஸ்ஸில் ஏறியதும் அவர் கீழே இருக்காமல் மாடிக்கு ஏறினார், முன்கண்ணாடியோடு ஒட்டிய இருக்கையில் போய் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். தான் ஓட்டிய தெருவை இத்தனை வருடமாக மேலே இருந்து பார்த்ததே இல்லை என்றார். மரக்கிளைகள் கண்ணாடியில் உரசிக்கொண்டு போயின. தெருவைப் பார்த்தபடியே அவர் தொடங்கினார்.

"எட்டாம் நாள் ஒரு பெரிய ஆண் மான் வந்து நிண்டது. தூரம் இருநூறு அடிகூட இராது. வழிகாட்டி துவக்கைத் தந்தான். படுத்திருந்து பாத்தன். நெஞ்சு வடிவாத் தெரியுது, கை சரியா இருக்கு, மூச்சும் சரி. விரலை வச்சிட்டன். அவன் என்ர தோளில தொட்டு, பொறு எண்டான். எனக்கு விளங்கேல்லை. துவக்கை இறக்கிப்போட்டுத் தலையை நிமித்திப் பாத்தன். அதுக்குப் பின்னால, கொஞ்சம் மேல, ஒரு தாயும் கன்றும் நிக்குது, குண்டு துளைச்சுப் போனா அதுகளில படும். கண்ணாடிக்குள்ள அது ரெண்டும் இல்லவே இல்லை, பிள்ளை. மங்கலாக்கூட இல்லை. வெறும் மலைதான் தெரிஞ்சது."

"பிறகு?"

"துவக்கைத் திருப்பிக் குடுத்திட்டன். பிறகு அதுகள் தங்கட பாட்டில போகுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

பஸ் ஒரு சந்தியில் நின்றது. கீழே ஒரு தாய், தள்ளுவண்டியில் குழந்தையோடு தெருவைக் கடந்தாள். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகப் போனார்கள். கடைசிப் பிள்ளை அக்கரை சேரும்வரை அத்தான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னில கோபமாத்தான் போனனான். அந்த மலையில வச்சுத்தான் அது போனது. வந்து சொல்லியிருக்கவேணும். சொல்ல வெக்கமாக் கிடந்தது" என்றார்.

சிக்னல் மாறி பஸ் நகர்ந்தது. எங்கள் பஸ் தரிப்பு வந்ததும் அவர் கம்பியைப் பிடித்து எழுந்து, எனக்கு முன்னால் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். பாதியில் நின்று, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.