தாலி ஆயரைப் பிள்ளைக்கு என்னவென்று சொல்வது?

என் மகள் அன்று அந்த மதகுத் திட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் தேத்தண்ணி கலக்கப் போன பிறகு போனாளா, அதற்கு முன்பே போய்விட்டாளா? அவளைக் கேட்டால் "ரொம்ப நேரம்" என்கிறாள். நாலு வயதுப் பிள்ளைக்கு மிட்டாய் கரைவதும் ரொம்ப நேரம்தான்.

பாடாங் செராயில் இருந்தவரை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாசலில் ஓடும் சின்னச் சாக்கடை, லோங்காங்தான். செருப்பு விழும், பந்து விழும், குனிந்து எடுத்துக்கொள்வோம். தஞ்சோங் டாவாயில் படகு இஞ்சின் பழுதுபார்க்கும் வேலை கணவருக்குக் கிடைத்ததும், அந்த ஊருக்குப் போகும் சாலையில் வயல் ஓரமாக வாடகை வீடு பார்த்தோம். வீட்டுக்குப் பின்னால் வயலுக்குத் தண்ணீர் போகும் பெரிய கால்வாய். மதகை எப்போது திறப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. திறந்தால் ஆளை இழுக்கும் வேகம்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக், முதல் நாளே மகளிடம் விரலை ஆட்டி, "தாலி ஆயர், ஜாங்கான் பெர்கி!" என்றார். கணவர் அதையே, "பாப்பா, தாலி ஆயர் பக்கம் போகக் கூடாது" என்று தமிழாக்கினார். பாதிதான் தமிழானது; கால்வாயின் மலாய்ப் பேர் அப்படியே நின்றது. எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

நான் கூலிமில் கணினிச் சிப் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தூசி புகாத அறைக்குள் நகை எதுவும் போடக் கூடாது. மஞ்சள் கயிற்றில் கோத்த என் தாலியை வேலை நாளில் கழற்றிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் போவேன்.

அன்று வேலை முடிந்து வந்தபோது கணவரின் அக்கா, என் அண்ணி, வந்திருந்தார். நான் இன்னும் தாலியை எடுத்துப் போடவில்லை.

"என்னம்மா, கழுத்து மொட்டையா கெடக்கு? என் தம்பி நல்லாத்தான இருக்கான்?"

"ஒன் முன்னாலதானக்கா ஒக்காந்து முறுக்கு திங்கிறேன்" என்றார் கணவர்.

இருவரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. என் சட்டையை இழுத்து, "ஒன் தாலி எங்கம்மா?" என்றாள்.

"அது பத்திரமா இருக்கு. நீ போய் வெளையாடு."

நான் தேத்தண்ணி கலக்கித் தட்டோடு திரும்பி வந்தபோது அவள் இல்லை. பழக்கதோஷம், முதலில் வாசல் லோங்காங்கைத்தான் பார்த்தேன். கணவர் சாலைக்கு ஓடினார். அண்ணி கட்டிலுக்கு அடியில் தேடினார். அப்போதுதான் பின்கதவு திறந்திருப்பதைக் கண்டேன்.

மதகுத் திட்டின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கீழே தண்ணீர் மண் நிறத்தில் சுழன்று போய்க்கொண்டிருந்தது. கத்தினால் திடுக்கிட்டு விழுவாளே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். மெதுவாக நடந்தேன்.

"பாப்பா, அம்மாகிட்ட வா."

"இரும்மா. தாலி இன்னும் வரல."

"எந்தத் தாலி?"

"ஒன்னோடதுதான். இது தாலி ஆயருன்னு அப்பா சொன்னாங்கல்ல. அத்தை திட்டுறாங்க, எடுத்துட்டு வந்துர்றேன்."

சட்டையைப் பிடித்துத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அண்ணி அழுதார். பிறகு, "மலாய்ப் பேரால வந்த வெனை. வாய்க்கால்னு சொல்லிக் குடு" என்றார். சொல்லிக்கொடுத்தேன். பாலர் பள்ளிப் புத்தகத்தில் வாய்க்காலில் காகிதக் கப்பல் விடும் படம் இருக்கிறது. "நாம எப்பம்மா கப்பல் விடலாம்?" என்று கேட்டாள். லோங்காங் என்றால் குனிந்து பந்து எடுக்கலாம் என்று நினைக்கிறாள். கணவர் "பேய் இருக்குன்னு சொல்லுலா, முடிஞ்சது" என்கிறார். இரவில் அவள் தூங்காமல் விழித்தால் யார் பார்ப்பது?

சரி, தாலி என்றால் மலாயில் கயிறு, ஆயர் என்றால் தண்ணீர், கயிறு மாதிரி நீளமாக ஓடுவதால் அந்தப் பேர் என்று பொறுமையாக விளக்கினேன். யோசித்துவிட்டு, "ஒன் தாலியும் கயிறுதானம்மா?" என்றாள்.

அந்தச் சொல்லையே வீட்டில் ஒழித்துவிடலாம் என்று மாக்சிக்கிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நாளைக்கு ஒரு பிள்ளை விழுந்தால் இங்கே எல்லாரும் தாலி ஆயர் என்றுதான் கத்துவார்கள், உன் மகளும் அப்படிக் கத்தினால்தான் ஆள் ஓடிவரும் என்றார். அதுவும் சரியாகத்தான் படுகிறது. நான் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் அவள் மாக்சிக் வீட்டில்தான் இருக்கிறாள். அங்கே பின்வாசலுக்குக் கதவே கிடையாது, இறங்கினால் கால்வாய்.

கால்வாய் ஓரம் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். நீங்கள் அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்? அந்தப் பேரைக் கேட்டதும் உங்கள் பிள்ளை நின்றதா?