கேமராவுக்கு வைத்த பொட்டு

"மூணு கண்ணு வச்ச போனைக் கையில புடிச்சுக்கினு என்னாண்ட வந்து கேக்குறியேடி, வெக்கமா இல்ல? கேமரா ஒசத்தியா, எடுக்கிற கை ஒசத்தியான்னு தெரிஞ்சு இன்னா பண்ணப்போற? நீ எடுக்கிறதெல்லாம் துன்னுற தட்டுதானே!"

திட்டினால் போகிறவளா என் பேத்தி? பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். சரி, கேட்டுத் தொலை.

புத்தூர் பக்கம் எங்கள் ஊர். நைனாவின் தங்கையான என் அத்தைக்கு ஒரு தெத்துப்பல். "சிரிக்காதே" என்பதுதான் வீட்டில் அவளுக்குக் காலை மாலை மருந்து. புத்தூர் ஸ்டுடியோவில் அவளை ஒரு படம் எடுத்து வைத்திருந்தார்கள். பெரிய விளக்குகள், கைதேர்ந்த ஆள். ரவிக்கையின் தையல்கூடத் தெரிந்தது. ஆனால் உதட்டை இறுக்கிக்கொண்டு அத்தை பல்வலிக்காரி மாதிரி இருந்தாள். அதைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியாகக் காளஹஸ்தியிலிருந்து ஒரு வரன் வந்தது. இதுவும் தட்டிப்போனால், மனைவியை இழந்த தூரத்து உறவுக்காரர் ஒருவருக்கு அத்தையைக் கொடுத்துவிடுவதென்று நைனா முடிவு செய்திருந்தார். அந்த மனிதருக்கு அத்தை வயதில் ஒரு மகள் இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா ஆயுத பூஜைக்குத் திருப்பதியிலிருந்து வந்தார், கழுத்தில் ஒரு ஃபாரின் கேமராவோடு. கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் அம்மா அரிவாள், ஏர், சைக்கிள் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, கேமராவுக்கு நெற்றி எது என்று தேடி, அதன் கண்ணிலேயே சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள்.

"அய்யோ அண்ணி, இன்னா பண்ணிட்ட!"

"ஏருக்கு வச்சேன், இதுக்கு வாணாமா?"

சித்தப்பா துண்டால் துடைத்தார். சந்தனம் போகவில்லை, கண்ணாடி முழுக்கப் பரவியது. அந்தக் காலத்துக் கேமராவில் பார்க்கிற ஓட்டை வேறு, படம் பிடிக்கிற கண் வேறு. ஓட்டையில் எல்லாம் பளிச்சென்று தெரியவே, அவர் அத்தையை மாட்டுக் கொட்டகை எதிரே நிறுத்தினார்.

"வாயை மூடிக்கினு நில்லு. சிரிக்காத. இன்னும் கொஞ்சம் பின்னாடி போறேன்…"

பின்னால் போனவர் மாடு தண்ணீர் குடிக்கும் கழனித் தொட்டிக்குள் விழுந்தார். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

படங்கள் கழுவி வந்தபோது எல்லாமே புகைமூட்டம்.

"ஃபாரின் கேமராவாடா இது, இட்லி குண்டானா? இம்மா ஆவி!" என்றார் நைனா.

"கேமரா மேல தப்பு இல்லண்ணா. பொட்டு மேலதான் தப்பு."

"தொட்டியில வுழுந்தது நீ. சாமி மேல பழியா?" என்றாள் அம்மா.

கருவியா கையா என்று அன்றைக்கே அவர்கள் சண்டை போட்டு முடித்துவிட்டார்கள். மறுநாள் காளஹஸ்தியிலிருந்து வந்த உறவுக்காரப் பெரியம்மாவிடம் கொடுத்தனுப்ப, நைனா ஸ்டுடியோ படத்தையே எடுத்து, காகிதத்தில் மடித்துத் தரச்சொல்லி அத்தையிடம் நீட்டினார். அடுப்படியில் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தை மடித்தது, சித்தப்பா தொட்டியில் விழுந்தபோது சாய்வாகப் பதிந்த அந்தப் புகைமூட்டப் படத்தை. ஸ்டுடியோ படம் பால் கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்குள் போனது. அவ்வளவு தெளிவான படத்தை எரிக்கிறாளே, விறகு பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஓடிப்போய் இரண்டு சுள்ளி கொண்டுவந்து கொடுத்தேன். அத்தை என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். சுள்ளிக்குத்தான் அது என்று எனக்குப் பெருமை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அத்தை தலைகுனிந்து காபித் தட்டை நீட்டினாள்.

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "போட்டோவுல அப்படிச் சிரிச்சுக்கினு இருந்தாங்களே, இவுங்கதானே?"

"சிரிச்சுக்கினா?" என்று நைனா திகைத்தார்.

"ஆமாங்க. ஒரே பனியா இருந்திச்சி. அந்தச் சிரிப்பு மட்டும் நல்லாத் தெரிஞ்சிச்சி."

அத்தை நிமிர்ந்தாள். தெத்துப்பல் தெரியச் சிரித்தாள். வாயை மூடச் சொல்ல அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை.

தை மாதம் கல்யாணம். எப்படி அமைந்தது என்று அக்கம்பக்கத்தார் கேட்டபோது, வீட்டில் எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பில் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்:

"எங்க சித்தப்பா கேமராவுக்கு எங்கம்மா பொட்டு வச்சாங்க. அதான் மாப்பிள்ளை வந்துட்டாரு!"

அடுத்த தடவை சித்தப்பா ஊருக்கு வந்தபோது, எதிர்வீட்டுப் பெரியம்மா தன் மகளுக்குத் தலைசீவிப் பூவைத்துக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். கையில் சந்தனக் கிண்ணம்.