திருவாதிரை இருக்கிறதா

இடது உள்ளங்கையை வலது உள்ளங்கையால் தள்ளிக் காட்டியபடி அண்ணன் எங்கள் ஊரான நகரியின் வாசகசாலையில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் திருப்பதியில் கல்லூரி விரிவுரையாளர், பௌதிகம். ஆந்திரா தனி ராஜ்யமாகி, நகரி எந்தப் பக்கம், திருத்தணி எந்தப் பக்கம் என்று ஊரே வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. கூட்டம் என்றதும் எல்லைப் பிரச்சினைதான் என்று நினைத்துப் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். அவர்களிடம் அண்ணன் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசினார்.

நட்சத்திரத்தின் எடை முழுவதும் உள்நோக்கி விழப் பார்க்கிறது, உள்ளே எரியும் சூடு அதை வெளியே தள்ளுகிறது, அந்த மல்லுக்கட்டுதான் அதன் ஆயுள் என்றார். மிகப் பெரிய நட்சத்திரம் தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எரித்துவிடும். கடைசியில் நடுவில் இரும்பு சேரும். இரும்பை எரித்துச் சூடு காய முடியாது. தள்ளிய கையைச் சட்டென்று எடுத்துக் காட்டினார். நடுப்பகுதி கண்மூடித் திறப்பதற்குள் தனக்குள்ளேயே இடிந்து விழ, அந்த அதிர்ச்சியில் மேல்பகுதி சிதறி, கோடிக்கணக்கான சூரியன்கள் சேர்ந்தாற்போல் வெடிக்குமாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜன்னல் வழியே கிழக்கைக் காட்டி, "அதோ செவப்பா தெரியுதே திருவாதிரை, அதுக்கும் இந்தக் கதிதான். இந்நேரம் வெடிச்சே பூட்டிருந்தாலும் இருக்கும். அந்த வெளிச்சம் நம்மகிட்ட வரதுக்குப் பல நூறு வருஷம் ஆவும்" என்றார். நான் பிறந்தது திருவாதிரையில். எனக்குப் பேசியிருந்த திருத்தணி மாப்பிள்ளையின் அம்மா, நகரியில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்தவர், பெண்கள் வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலேயே அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "நட்சத்திரமே சாவப் போவுதுன்னா, அதுல பொறந்தது எப்படிங்க வாழும்?" என்று கேட்டார். வெடிக்க இன்னும் லட்சம் வருஷம்கூட ஆகலாம் என்று அண்ணன் ஆரம்பித்தார். "அதெல்லாம் எனக்கு எதுக்கு? இப்ப அது உசுரோட கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க."

மழை வருமா என்று கேட்டால்கூட யோசித்து, தெரியாது என்று சொல்கிறவர் அண்ணன். என்னைப் பெற்ற நைனா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் அவர் தாங்கமாட்டார். அண்ணன் அவரைப் பார்த்தார். "கீதும்மா. நல்லாவே கீது" என்றார்.

சித்தூரில் ஆசிரியப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. கல்யாணம் நின்றால் போகலாம் என்று கதவுக்குப் பின்னால் நின்று அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். பிறகு எல்லை பிரித்தார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, அண்ணனும் நைனாவும் ஆந்திராவில் நின்றார்கள். என் கணவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பெரிய குடும்பம், ஓயாத அடுப்பு, யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் நட்சத்திரத்தை இழுக்கும் மாமியார். ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். அலுத்துவிட்டது, அவ்வளவுதான். மார்கழி மாலையில் அந்தச் சிவப்புப் புள்ளி இப்போதும் கிழக்கே ஏறுகிறது. அது இருக்கிறதா என்று நான் அண்ணாந்து பார்ப்பதை விட்டுப் பல காலமாகிறது.

அண்ணன் படுத்த படுக்கையாக இருந்தபோது திருப்பதிக்குப் போய்ப் பார்த்தேன். கஞ்சியைக் கொடுத்துவிட்டு வாயைத் துடைத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்குத் தெரியாதுன்னுதாம்மா சொல்லியிருக்கணும். எனக்கு எங்க தெரியும்? உனக்கோசரம் சொன்ன பொய் அது ஒண்ணுதான். நல்லாத்தானே கீற?"

தெரியாது என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தாண்ணா கீறேன்" என்றேன்.

அவர் நம்பிவிட்டார்.