ராணியின் நாற்பத்தேழு நட்சத்திரங்கள்

போன கிழமை என் பேத்தி என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாள். பெயர் யதுசிகா. வயது ஐந்து.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் படிப்புத் தெரியும் — மூன்றாம் வகுப்பு. சைக்கிளில் இறால் விற்றுத் தொடங்கியவன். இன்றைக்கு என் லொறி இரண்டு ஓடுகின்றன. நாவற்குடாவில், எங்கள் ஒழுங்கையில், சின்னப் பிள்ளைக்கென்றே கொம்பியூட்டர் வாங்கிய முதல் ஆள் யார்? விசாரித்துப் பாருங்கள். நாட்டில் சண்டை முடிந்த கையோடு வாங்கினேன்.

கூடவே ஒரு சீடி. படிப்பு விளையாட்டு. முயல் ஒன்று வந்து ஆங்கில எழுத்துகளைக் காட்டும். ஒரு பாடம் முடித்தால் ஒரு நட்சத்திரம். ஐம்பது சேர்ந்தால் பெயர் போட்ட சான்றிதழ் அச்சடிக்கலாம். அதை நேசரிப் பள்ளி ரீச்சரிடம் காட்ட வேண்டும்... மூன்று மாதமாகப் பிள்ளைக்கு வேறு பேச்சில்லை.

அன்றைக்கு நாற்பத்தேழாவது நட்சத்திரம் விழுந்தது. பிள்ளை கைதட்டவில்லை. திரையின் மேல் மூலையில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். ஆர்... ஏ... என்... ஐ.

“அம்மப்பா, ராணி ஆரு?”

சீடிக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை. பிள்ளை வாசிக்கிறாள்.

“அது முயலுட பேர் மனே.”

“இல்ல. விளையாடுற ஆள்ட பேர்தான் அதில வரும். நான்தானே விளையாடுறன்?”

“எனக்கு இங்கிலீசில அந்தப் பேர் மட்டும்தான் எழுதத் தெரியும்.”

“என்ட பேக்கில என்ட பேர் கிடக்கு. பார்த்து எழுதியிருக்கலாமே.”

அந்தப் பை, விளையாட்டைத் தொடங்கிய முதல் நாளும் மேசையில்தான் கிடந்தது. கண்டேன். கண்டுதான் எழுதாமல் விட்டேன்.

சமையலை விட்டுவிட்டுக் குசினிக்குள்ளிருந்து மகள் வந்தாள். “பிள்ளைக்கிட்டப் பொய் சொல்லாதீங்க அப்பா. ராணி நான்தான்.”

விஷயம் இதுதான். மகள் வளர்ந்த காலத்தில் பெயர் கேட்டு வீட்டுக்கு வராத ஆட்கள் இல்லை. சீருடையோடும் வந்தார்கள், இல்லாமலும் வந்தார்கள். கையில் ஒரு கொப்பி இருக்கும்; அதில் ஏறிய பெயரைத் தேடிப் பிறகு ஆள் வரும், பிள்ளையைக் கொண்டுபோகும். எத்தனை பிள்ளைகள்? என்ன பெயர்? யார் கேட்டாலும் மகளுக்கு நான் சொன்ன பொய்ப் பெயர் ராணி. கொப்பியில் சிலர் ஆங்கிலத்தில் எழுதுவதைப் பார்த்துப் பார்த்தே அந்த நான்கு எழுத்தும் எனக்குப் பாடம். சுனாமிக்குப் பிறகு முகாமில் பதிந்தபோது மட்டும் உண்மைப் பெயர் கொடுத்தேன் — அது அரிசிக்கு. எந்த இடத்தில் எதைச் சொல்வது என்பதைப் பள்ளிக்கூடத்திலா படிப்பிக்கிறார்கள்? அது எனக்குத் தெரிந்திருந்தபடியால்தான் மகள் இன்றைக்குக் குசினி வாசலில் நின்று என்னை அதட்டுகிறாள்.

முதல் நாள் கொம்பியூட்டரும் அதையேதான் கேட்டது. உன் பெயர் என்ன? மருமகன் வாசித்துச் சொல்லிவிட்டு வயர் பார்க்கக் குனிந்தார். என் விரல் தானாகப் போய் நான்கு எழுத்தை அமுக்கியது. செல்லப் பெயராக்கும் என்று அவரும் விட்டுவிட்டார்.

இப்போது மாற்ற முடியுமா? மருமகன் தேடிப் பார்த்துக் கையை விரித்தார். புதுப் பெயர் என்றால் முதலிலிருந்து. நட்சத்திரம் பூச்சியம். பழையபடி விளையாடினால் சான்றிதழுக்கு இன்னும் மூன்றுதான். ஆனால் அதில் ராணி என்றுதான் வரும்.

“மூண்டுதானே மனே, முடிச்சு எடுப்பம். பேருக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டலாம்” என்றேன்.

பிள்ளை அழுதாள். மறுநாள் பின்னேரம் வரை அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு தானாகவே வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் ஏறி உட்கார்ந்தாள்.

“புதுசாப் போடுங்க. ராணியும் கிடக்கட்டும். நான் அவவ வெல்லப் போறன்.”

“அப்ப அம்மாவோடயா போட்டி?” என்றாள் மகள்.

“ஓம். நீங்க நாப்பத்தேழுதானே.”

பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துத் தன் பெயரைத் தானே அடித்தாள். அடுத்த கேள்வியை மருமகன் வாசித்தார்: பிள்ளைக்குப் பொறுப்பானவர் பெயர்? முதல் நாள் அந்த இடத்தை நான் வெறுமையாக விட்டுத் தாண்டியிருந்தேன்.

“அம்மப்பா, உங்கட பேர். உண்மையான பேர்.”

வாசல் கேற் பக்கம் ஒருமுறை பார்த்தேன். பிறகு சொன்னேன்.

நல்ல காலம்... விலாசம் கேட்கவில்லை.