தாடையில் பட்ட விரல்

என் வலது தாடைக்குள் ஏதோ ஒன்று எலும்பைத் தின்றுகொண்டிருந்தது. எனக்கு அது தெரியாது. நான் அதற்கு வேப்பிலை வைத்து, பொன் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளி போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. போன வருஷம் ஆடியில் காதுக்குக் கீழே வீக்கம் வந்தது. வலி இல்லை. கன்னம் வீங்கினால் எங்கள் பக்கம் பொன்னுக்கு வீங்கி என்பார்கள்; கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் இறங்கிவிடும். அது மாரியம்மன் வந்திருக்கிற உடம்பு. ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது, அடுத்தவர் கை படக் கூடாது. பீரோவில் மாமியார் விட்டுப்போன சங்கிலி இருந்தது. அது என் வீட்டுக்காரரின் தங்கை மலருக்குச் சேர வேண்டியது. கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பத்து நாளில் இறங்க வேண்டியது ஐப்பசி வரை இறங்கவில்லை. என் புத்தி எங்கே போனது என்று இன்றைக்குக் கேட்கலாம். வலிக்கவில்லையே, அம்மன் சாந்தமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு கடைவாய்ப் பல் ஆடியது. கண்ணாடியில் பாதி முகம் என்னுடையது, பாதி வேறு யாருடையதோ. கண்ணாடியைத் திருப்பி மாட்டினேன். வீட்டுக்காரர்கூட எட்ட நின்றுதான் பேசுவார். யாரும் தொடாமல் மாதக்கணக்கில் இருப்பது எவ்வளவு பயம் தெரியுமா? இனிச் செத்த பிறகுதான் தொடுவார்களோ என்று தோன்றிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அழுதேன்.

"அம்மா, நீயாவது வந்து தொட்டுப் பாரு. இது நீதானான்னு சொல்லு."

அவ்வளவுதான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மலர் வந்தாள். தியாகதுருகத்தில் வாழ்க்கைப்பட்டவள். சங்கிலி விஷயம் காதுக்கு எட்டி, சண்டைக்கென்றே பஸ் ஏறி வந்திருந்தாள். கழற்றச் சொன்னாள். அம்மன் உடம்பு, தொடாதே என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளா கேட்பாள்? எட்டிக் கொக்கியைப் பிடித்தாள். அவள் விரல் தாடையில் அழுந்தியது. உள்ளே எலும்பு முட்டை ஓடு மாதிரி நெரிந்தது. எனக்கே கேட்டது.

மலர் கையை எடுக்கவில்லை.

"அண்ணி, இது பொன்னுக்கு வீங்கி இல்ல. எலும்பு அமுங்குது. இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

மறுநாளே கள்ளக்குறிச்சிக்கு இழுத்துப்போனாள். எக்ஸ்ரேயில் என் தாடை எலும்பு சோப்பு நுரை போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். சதை எடுத்துச் சோதித்த டாக்டரம்மா, புற்றுநோய் இல்லை என்றார். அமிலோபிளாஸ்டோமாவாம், அபூர்வமான கட்டி. மற்ற இடத்துக்குப் பரவுவது இல்லை என்றே சொல்லலாமாம், ஆனால் இருக்கிற இடத்தை விடாமல் தின்னுமாம். இன்னும் விட்டிருந்தால் தாடை தானாகவே முறிந்திருக்கும் என்றார். பாதித் தாடையை எடுத்துவிட்டு, கால் எலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி அங்கே வைத்தார்கள். நான் பேச முடியாமல் கிடந்த நாட்களில் மலர்தான் குழாயில் கஞ்சி ஊற்றினாள். சங்கிலிப் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நானே அதை அவள் கழுத்தில் போட்டேன்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இது திரும்பி வரக்கூடிய கட்டி. வருஷக்கணக்கில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். விடிந்ததும் என் கை முதலில் தாடைக்குத்தான் போகிறது. மெல்லும்போது லேசாகச் சத்தம் கேட்டாலும் அப்படியே நிறுத்திவிடுகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் மலர் வருவாள். காதுக்குக் கீழே மூன்று விரலால் அழுத்திப் பார்ப்பாள். "கெட்டியா இருக்குது அண்ணி" என்பாள். அன்றைக்கு வயிறாரச் சாப்பிடுவேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, அம்மனைக் கூப்பிடுங்கள். வருவாள். சண்டைக்காரியாக வந்தாலும் வருவாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதீர்கள், தொட விடுங்கள்.