புளி போட்ட கொரியக் கிண்ணம்

ஒஸ்லோவில் நான் கோப்பை கழுவிய இடங்களில் ஒன்று கொரியச் சாப்பாட்டுக் கடை. நடத்தியவர் கணவனை இழந்த ஒரு கொரியப் பெண். நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார். அந்த இரண்டு சொல்லையும் தவிர மற்றதெல்லாம் எங்கள் உடைந்த நோர்வேஜிய மொழியில்.

ஒருநாள் காலை அக்கா ஹொல்ம்லியாவிலுள்ள வீட்டிலிருந்து ஒரு மூடிபோட்ட மஞ்சள் கிண்ணத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கணவரின் சோற்றுக் கிண்ணம். அன்று பின்னேரம் அவருடைய திவசம். மகள் அதில் கிம்ச்சி என்ற புளித்த கோவா ஊறுகாயைப் போட்டு மூடி வைத்ததில் உள்ளெல்லாம் கறுத்திருந்தது. கறுத்த கிண்ணத்தில் அவருக்குச் சோறு வைக்க மாட்டேன், கடைச் சில்வரிலும் வைக்க மாட்டேன் என்றார்.

பித்தளை என்று நினைத்து, புளி போட்டால் போய்விடும் என்றேன். புளிப்பில்தானே கறுத்தது என்று கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கோ அது என்ன உலோகம் என்று அறிய ஆசை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தட்டித்தான் பார்க்கத் தெரியும். தட்டினேன். செத்த வீட்டில் தட்டும் சேமக்கலம் மாதிரி ஓசை நீண்டு போனது. பித்தளை இப்படி ஒலிக்காது. செம்பும் வெள்ளீயமும் சேர்த்துச் சுடச்சுட அடிப்பது என்றார் அக்கா. அப்படியென்றால் எங்கள் வெண்கலம்தான், அதுக்கும் நாங்கள் புளிதான் போடுவோம் என்றேன்.

மூடியின் உட்புறத்தில் மட்டும் புளி தேய்க்க விட்டார். கறுப்புப் போனது, ஆனால் அந்த இடம் சிவந்து நின்றது. அக்கா அதைக் கழுவித் துடைத்து, பச்சைத் தேய்ப்புப் பஞ்சால், ஈரம் படாமல், கடைசல் கோடு போன பக்கமாகவே தேய்த்தார். மஞ்சள் திரும்பியது. நாங்கள் என்றால் முகம் தெரிய மினுக்குவோம். இது உமி நிறத்தில் மங்கலாக நின்றது. அதுதான் சரியாம். பிறகு, முதலில் புளி, அதன்பின் பஞ்சு என்று சொல்லிக் கிண்ணத்தையும் என்னிடம் தள்ளினார்.

பின்னேரம் கடையிலேயே நடந்த திவசத்துக்கு என்னையும் கூப்பிட்டார். கணவரின் படத்துக்கு முன்னால் மூடியைத் திறந்து, சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தி, விழுந்து கும்பிட்டார். எழும்பிக் கிண்ணத்தை மணந்து பார்த்தார்.

"புளி மணக்குது. பரவாயில்லை, அவருக்குப் புளிப்புப் பிடிக்கும்."

அந்தச் சோற்றிலேயே கொதிக்கும் சூப்பை ஊற்றி எனக்குத் தந்தார். முகாம், ஸ்டேசன், குசினி என்று நின்றே சாப்பிட்டுப் பழகியவன் நான். தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்குப் போக எழும்பினேன். கை பொசுங்கியது. பிடிக்கவே முடியாத கிண்ணத்தை ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆர் உன்னைத் தூக்கச் சொன்னது? தம்பி, இருந்து சாப்பிடு."

இருந்தேன். கடைசிப் பருக்கை வரை சூடு ஆறவில்லை.