மச்சான் பிடித்த சைலென்சர்

என் மச்சானை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாறக் கூடாது.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். அருப்புக்கோட்டையில் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். டவுனைத் தாண்டி, திருச்சுழி ரோட்டில் வீடு. அம்மா என்னோடுதான் இருக்கிறார். நாலைந்து கை மாறி வந்த பழைய கார் ஒன்றை வாங்கியபோது, அதை நிறுத்த வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டேன்.

மச்சான் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு என் காரில் முன்னால் உட்கார்ந்தார். போகிற வழியில் எம்.ரெட்டியபட்டியில் குலசாமியைக் கும்பிட்டுவிட்டு வரும்போது, ரோட்டில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல் அடியில் இடித்துச் சைலென்சர் குழாய் முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு கார் போட்ட சத்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சான் வாசலில் நின்றிருந்தார். "வாங்க அத்தை! காட்டு வேலைக்கு ட்ராக்டர்ல ஏறிப் போன பழக்கம் இன்னும் விடலையாக்கும்?" என்றார்.

பந்தலே சிரித்தது. அம்மா கூலிக்குக் களையெடுத்து, பருத்தி எடுத்துத்தான் என்னையும் அக்காவையும் ஆளாக்கினார். அந்தப் பருத்திக் காசில் படித்த அக்காதான் அவருக்குப் பெண்டாட்டி. அம்மாவும் லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனார். சாப்பிட்டு முடித்து நான் காரை எடுத்துக்கொண்டு வந்தபோது, "நீ போப்பா. நான் பஸ்ஸுல வாரேன்" என்றார். அன்றிலிருந்து அவர் என் காரில் ஏறவில்லை.

இரண்டு நாள் கழித்து, வெட்கத்தை விட்டு, காரை மச்சானின் பட்டறைக்கே கொண்டுபோனேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இந்த ஓட்டைச் சட்டிக்கெல்லாம் வெல்டிங் ராடை வீணாக்க முடியாதுலே. எடைக்குப் போட்டுரு" என்றார். அந்த இரண்டு பேச்சுக்காகத்தான் நான் வெல்டிங் கற்றுக்கொண்டேன். கேட்கிறவர்களிடம் பொழுதுபோக்கு என்பேன். சுத்தப் பொய்.

சின்ன மெஷின் ஒன்று, முகமூடி, வெட்டுகிற மெஷின் எல்லாம் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூராவும் கொட்டகைதான். கார் புகைக்குழாயின் தகடு மெல்லிசு. ராடை ஒரு கணம் கூடுதலாக வைத்தால் பொத்துக்கொள்ளும். ஓட்டையை அடைக்கப் போய் விரல் நுழைகிற ஓட்டையை விரல் மூன்று நுழைகிற ஓட்டையாக்கினேன். ஒவ்வொரு முறை பொத்தபோதும் மச்சானின் பெயரைச் சொல்லித் திட்டினேன். அது கைக்கு உதவவில்லை. ஆனால் மனசுக்கு இதமாக இருந்தது.

பிறகு எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் ஒன்றைச் செய்தேன். எங்கள் பக்கம் போர்வெல் போட்டு, தண்ணீர் வற்றி, பிடுங்கிப் போட்ட ஜி.ஐ. குழாய் வீட்டுக்கு வீடு சுவரோரம் கிடக்கும். இதுதான் கனமாக இருக்கிறதே, பொத்துக்கொள்ளாதே என்று அதில் ஒரு துண்டை வெட்டிக் காரில் ஒட்டவைத்தேன். வெள்ளை வெளேரென்று புகை வந்தது. நாக்கில் ஒரு தித்திப்பு. அந்தக் குழாயின் மேல் துத்தநாகம் பூசியிருக்கும், அதைச் சுட்டால் வருகிற புகை ஆளைப் படுக்கவைக்கும் என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலம் சித்திரை வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. மனைவி இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. இரண்டு நாள் லீவு போட்டேன்.

இது எப்படியோ அக்கா வழியாக மச்சானுக்குப் போனது. பட்டறைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம், "எங்க மச்சினன் வெல்டிங் வச்சு, புள்ள பெத்தவ மாதிரி போத்திப் படுத்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். கேள்விப்பட்டதும் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. கோபம் அவ்வளவு நல்ல மருந்து.

அதற்குப் பிறகு பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த புகைக்குழாய்களாகப் பொறுக்கி வந்தேன். மெஷினில் கரண்டைக் குறைத்து வைத்தேன். ஒரு புள்ளி மட்டும் பற்றவைப்பேன், ஆற விடுவேன், எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி வைப்பேன். சுற்றி முடித்ததும் ஒரு முனையை ஈரத்துணியால் அடைத்து, பஞ்சர் கடையில் பார்ப்பதுபோல் சோப்புத் தண்ணீர் தடவி, மறுமுனையில் ஊதிப் பார்ப்பேன். ஒரு வருஷம் போல ஆயிற்று, குமிழி வராத இணைப்பு கைக்கு வர. என் கார் பூனை மாதிரி ஓடியது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"சத்தம் நின்னுருச்சு. சந்தோசம். நான் பஸ்ஸுலயே போறேன்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, குழாயை ஒட்டினால் மட்டும் போதாது என்று. மச்சான் என் கொட்டகைக்கு வர வேண்டும். அம்மா அதைப் பார்க்க வேண்டும். அதுவரை அந்த முன் சீட்டு காலிதான்.

வந்தார். அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் மறுநாள். மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர்ப் பெரியவர்களை மச்சான் தன்னுடைய பெரிய காரில் கூட்டிப்போக வேண்டும். அவர் வருவதற்கு முந்தின நாள் வீரசோழன் கிராமத்தில் கேட் மாட்டிவிட்டுத் திரும்பும்போது பள்ளத்தில் இறங்கி அதன் குழாய் பிய்ந்துவிட்டது. அவர் பட்டறை ஆட்கள் கேட்டுக்கு வைக்கிற கரண்டில் வைத்து, குழாயைச் சல்லடையாக்கிவிட்டார்கள். அக்கா போனில் அழுதாள்.

"அவுகளே வரட்டும். வந்து கேக்கட்டும்" என்றேன். கூடப் பிறந்தவள் அழுகிறாள், எனக்கு இரக்கம் வரவில்லை.

மூன்று மணி வெயிலில், வெள்ளை வேட்டி சட்டையில், தெருவே எட்டிப் பார்க்கிற சத்தத்தோடு மச்சான் வந்து இறங்கினார். என் காரை வெளியே எடுத்து அவர் காருக்கு இடம் கொடுத்தேன். "நாளைக்கு விசேசம்லே. கொஞ்சம் பாத்துக் குடு" என்றார். இன்னொரு தடவை கேட்கட்டும் என்று காது கேட்காதவன்போல் நின்றேன். கேட்டார்.

ஜாக்கியால் காரைத் தூக்கிக் கட்டைகளின் மேல் பத்திரமாக நிறுத்தினேன். சல்லடையான பாகத்தை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு வைத்தேன். குழாயைத் தாங்குவதற்கென்றே நான் செய்த முக்காலி ஒன்று உண்டு. அதைச் சாக்கைப் போட்டு மூடி மூலையில் தள்ளிவிட்டு, "பிடிக்க ஆள் வேணுமே மச்சான்" என்றேன். கையுறையும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தேன். பழிவாங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெள்ளை வேட்டியோடு, கரியும் எண்ணெயும் படிந்த தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் குழாயைத் தூக்கிப் பிடித்தார். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

நான் இரண்டு புள்ளி வைத்திருந்தபோது அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து மருமகன் எதிரில் அம்மா உட்கார்ந்ததே இல்லை. நேராகப் பேசியதும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று, சுவரிடம் சொல்வதுபோல்தான் எதையும் சொல்வார். இப்போது அந்தக் காலடிக்கு நேராக நாற்காலியைப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்தார்.

"அவசரப்படாம நிதானமா வையிப்பா. மருமகன் பிடிச்சுக்கிருவாக" என்றார். பிறகு காருக்கு அடியில் பார்த்து நேராகவே கேட்டார்: "காப்பி குடிக்கிறீகளா மருமகனே?"

அடியிலிருந்து ஏதோ முனகல் வந்தது.

"பால் இல்லையே. வாங்கியாரணும்." அம்மா எழுந்தார். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நேராக வெளியே போய், என் காரின் முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார். "வாப்பா, கடை வரைக்கும் கொண்டு விடு."

நான் முகமூடியைக் கழற்றினேன். "மச்சான், ரெண்டு புள்ளிதான் நிக்கிது. விட்டீகன்னா முறிஞ்சிரும். பிடிச்சுக்கிட்டே இருங்க, வந்துர்றேன்."

பால் கடை எங்கள் தெரு முனையில்தான் இருக்கிறது. நான் பைபாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.